கயிற்றறையின் முத்திரை

2024 நவம்பர் 19, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி இரண்டு நிமிடம். சங்கரன்கோவிலில் வானம் மூடிக் கிடந்தது. விடியலில் தொடங்கிய தூறல் நின்று, காற்றசைவில்லாத புழுக்கம் மட்டும் மிஞ்சியிருந்தது. மாதாந்திரப் பராமரிப்புக்காக ஒன்பது முதல் இரண்டு மணி வரை மின்சாரம் இருக்காது என்று முந்தைய நாளே அறிவித்திருந்தார்கள். இரண்டு நிமிடத் தாமதத்தை எஸ்ரா கைக்கடிகாரத்தில் பார்த்து மனத்தில் குறித்துக்கொண்டான். தெருவின் இரு பக்கத்து வீடுகளிலும் ஓடிக்கொண்டிருந்த விசைத்தறிகள் ஆளுக்கொரு கடைசி அடியை அடித்துவிட்டு ஓய்ந்தன. அதன்பின் வந்த அமைதியில், அவன் எதிர்பார்த்திருந்தபடியே, தட்டும் சத்தம் கேட்டது.

இரண்டு தட்டல். சிறிய இடைவெளி. பிறகு ஒன்று.

அது வீட்டுக்குள்ளிருந்து வரவில்லை என்பதை அவன் முறைப்படி உறுதி செய்திருந்தான். ஆகஸ்டில் கப்பலிலிருந்து ஊர் திரும்பிய முதல் வாரத்திலேயே, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடி, பின்கதவின் கொண்டி, குளியலறைக் குழாய், அடுத்த வீட்டு முருங்கைக் கிளை என்று பதினேழு இடங்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றின் அருகிலும் நின்று கேட்டு, ஒவ்வொன்றாகத் தாளில் கோடிட்டு அடித்துவிட்டான். பதினேழும் ஊமையாக இருந்தன. தறிகள் ஓடும்வரை சத்தம் இல்லை. தறிகள் நின்றால் உண்டு. தறிச்சத்தம் தாங்காமல் அந்தத் தெருவைவிட்டு வீடு மாறிப் போனவர்கள் இருக்கிறார்கள். தறி நின்றால் தாங்காதவன் அவன் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும்.

மேசைமீது பதினொரு பக்க விசாரணை அறிக்கை கிடந்தது. அவன் கேப்டனுக்கு அடுத்தபடியாக, சீஃப் ஆபீசராகப் பணியாற்றிய சரக்குக் கப்பலின் நிறுவனம் அனுப்பியது. கடைசிப் பக்கத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. முதலாவது, அறிக்கையின் முடிவுகளோடு உடன்படுகிறேன் என்பது. இரண்டாவது, உடன்படவில்லை, காரணம் கீழே என்பது. காரணம் எழுத ஆறு கோடுகள் விட்டிருந்தார்கள். யாரும் எழுதமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் விடப்பட்ட ஆறு கோடுகள். முதல் கட்டத்தில் அவன் அடையாளமிட்டால், ஓர் ஆளின் சாவுக்குப் பொறுப்பு கோமதிசங்கர் என்ற மாலுமியின் தலையில் விழும். அவனுடைய கடல் பயணப் புத்தகம் பறிபோகும். இனி எந்தக் கப்பலிலும் அவனை ஏற்றமாட்டார்கள். எஸ்ராவோ பிப்ரவரியில் வேறொரு கப்பலுக்குக் கேப்டனாகப் போவான். இரண்டாவது கட்டமென்றால் இந்த இரண்டும் இடம் மாறும். அதற்குமேல் வழக்கும் வரலாம். நண்பகலில் தூத்துக்குடியிலிருந்து இசக்கித்துரை வருகிறார். ஆட்களைக் கப்பலேற்றும் ஏஜென்சியின் மேற்பார்வையாளர். தாளைக் கையில் வாங்காமல் திரும்பப் போவதில்லை என்று நேற்றுத் தொலைபேசியில் சொல்லியிருந்தார்.

மூன்று வாரங்களாக அந்தக் கட்டங்களில் எதிலும் அவன் பேனா படவில்லை.

நடந்தது ஜூலையில், மேற்கு ஆப்பிரிக்கத் துறைமுகம் ஒன்றில். கள்ளத்தனமாகக் கப்பலேறுவோர் அங்கே அதிகம் என்பதால், கரை சேர்வதற்கு முன்பே பாதுகாப்பு நிலையை ஒன்றிலிருந்து இரண்டாக உயர்த்தும்படி உத்தரவு வந்திருந்தது. கப்பல்களுக்கும் துறைமுகங்களுக்குமான பன்னாட்டு விதிகளின்படி ஒவ்வொரு கப்பலிலும் ஒருவர் பாதுகாப்பு அதிகாரியாக இருக்க வேண்டும். இந்தக் கப்பலில் அது எஸ்ரா. புழக்கமில்லாத அறைகளையெல்லாம் திறந்து பார்த்து, ஆளில்லை என்று உறுதி செய்து, கைப்பிடியில் எஃகுக் கம்பி முத்திரையைக் கோத்து இறுக்க வேண்டும். கப்பலில் எல்லாரும் அதைச் சீல் என்பார்கள். ஒவ்வொன்றிலும் ஐந்திலக்க எண் பொறித்திருக்கும். எந்தக் கதவில் எந்த எண் என்று பட்டியல் எழுதி வைக்க வேண்டும். புறப்படுவதற்கு முன் கப்பல் முழுவதையும் தேடும்போது, முத்திரையிட்ட அறையைத் திறக்க வேண்டியதில்லை. கம்பி அறுபடாமலிருந்து, எண் பட்டியலோடு பொருந்தினால் போதும். அது சிக்கனமான விதி. அதை எஸ்ரா மிகவும் மதித்தான்.

முப்பத்தாறு கதவுகளுக்கு அவன் தன் கையாலேயே முத்திரையிட்டான். 48801 முதல் 48836 வரை. கப்பலின் முன்முனையில், நங்கூர இயந்திரத்துக்குக் கீழே இருந்த கயிற்றறைக்கு 48817. உள்ளே விளக்கடித்துப் பார்த்தான். சுருட்டி வைத்த கயிறுகளைத் தவிர வேறொன்றும் இல்லை. மிச்ச முத்திரைகள் இருந்த பெட்டியை, கப்பல் ஏணியின் தலைமாட்டில் காவலிருந்த கோமதிசங்கரிடம் கொடுத்துப் பூட்டி வைக்கச் சொன்னான். கோமதிசங்கர் அதை மேசைமீது வைத்துவிட்டு, கையெழுத்திடாமல் மேலேறிய இரண்டு சுமை ஆட்களைத் தடுக்க ஓடினான். திரும்பி வர நான்கு நிமிடம் ஆயிற்று.

புறப்படும் நாளில் கோமதிசங்கர்தான் முன்முனையைத் தேடினான். கப்பலைத் துறைமுகத்துக்கு வெளியே வழிநடத்தும் பைலட் ஏறியாகிவிட்டது, கயிறு அவிழ்க்க நாற்பது நிமிடம் இருந்தது. அவன் பட்டியலோடு வந்து, கயிற்றறைக் கதவில் 48871 என்று இருக்கிறது, தாளில் 48817 என்று இருக்கிறது, பொருந்தவில்லை என்று எஸ்ராவிடம் சொன்னான். எஸ்ரா தாளைப் பார்த்தான். ஒன்றும் ஏழும் இடம் மாறியிருக்கின்றன. எழுதும்போது கை தவறியிருக்கிறது. தன் கை தவறும் என்பதை ஒப்புக்கொள்வதில் அவனுக்கு ஒரு விதமான கண்டிப்பு உண்டு. பிறர் பிழையைவிடத் தன் பிழையை விரைவாகத் திருத்துவான். துறைமுக அதிகாரியிடம் கொடுக்கும் பட்டியலில் அடித்தல் திருத்தல் இருக்கக் கூடாது என்று, புதிதாகத் தட்டச்சு செய்து, பழைய தாளைக் கிழிக்கும் இயந்திரத்தில் விட்டான். எல்லாம் ஆறு நிமிட வேலை. கதவைத் திறந்து பார்க்க அதைவிடக் குறைவான நேரம் போதும்.

மறுநாள் முத்திரைகளை அறுக்கலாம் என்றிருந்தது. அன்று மாலையே கடல் எழுந்தது. முன்முனைக்கு ஒருவரும் போகக் கூடாது என்று கேப்டன் தடை விதித்தார். ஆப்பிரிக்காவின் தென்கோடியில் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வந்து, தடை நீங்கியது பன்னிரண்டாம் நாள். கயிறு எடுக்கப் போன, மாலுமிகளின் தலைவரான போசன் கம்பியை அறுத்து, கதவைத் திறந்து, திறந்தபடியே விட்டுவிட்டு நடந்து வந்தார். ஓடி வரவில்லை. அதிலிருந்தே எஸ்ராவுக்குத் தெரிந்துவிட்டது.

அடையாளம் தெரியாத ஆண்; வயது இருபதிலிருந்து இருபத்தைந்துக்குள். கதவு அடைபட்டபின் ஐந்து நாள்களுக்குக் குறையாமல் உயிரோடு இருந்திருக்கிறான் என்று அடுத்த துறைமுகத்து மருத்துவர் எழுதியிருந்தார். கரையில் யாரோ பெட்டியிலிருந்து ஒரு முத்திரையைத் திருடி, பழைய கம்பியை வெட்டி, அவனை உள்ளே விட்டு, புதியதைக் கோத்திருக்கிறார்கள். முத்திரையிட்ட கதவைத் திறக்கமாட்டார்கள் என்பது உள்ளே போனவனுக்குத் தெரிந்திருந்தது. எஸ்ரா மதித்த அதே விதியை நம்பித்தான் அவன் உள்ளே போய் உட்கார்ந்திருந்தான். கைப்பிடி உள்ளிருந்து திரும்பாது, கம்பி விடாது. தட்டியிருப்பான். முன்முனைக்கும் எஸ்ரா நின்ற, கப்பலைச் செலுத்தும் மேல்தளத்துக்கும் நூற்றறுபது மீட்டர். இடையில் காற்றும் அலையும். கேட்டிருக்கவே முடியாது என்று அறிக்கை சொன்னது. அது ஒன்று சரி. எஸ்ரா எதையும் கேட்கவில்லை.

அறிக்கையின் மற்றப் பக்கங்களை அவன் வழக்கம்போலப் பென்சிலோடு படித்திருந்தான். கயிற்றறையை உள்ளே பார்க்காமலேயே, பெட்டியிலிருந்து வரிசை தவறி ஒரு முத்திரையை எடுத்துக் கோமதிசங்கர் இட்டார் என்று ஐந்தாம் பக்கம் சொன்னது. அந்தக் கதவின் எண் குறித்து அவர் எவரிடமும் எதுவும் தெரிவிக்கவில்லை என்று ஆறாம் பக்கம். இறந்தவரின் உடைமைகள் எவையும் காணப்படவில்லை என்று ஏழாம் பக்கம். எஸ்ரா ஐந்தையும் ஆறையும் தாண்டிவிட்டு, ஏழாம் பக்கத்தின் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தான். கயிற்றறைக்குள் ஒரு சோடிச் செருப்பு இருந்தது. கதவை ஒட்டி உட்புறத்தில், குதிகால் ஒன்றையொன்று தொட, சீராகக் கழற்றி வைத்திருந்தது. அடுத்தவர் வீட்டுக்குள் நுழைகிறவர்கள் வைப்பதைப் போல.

அவன் மனைவி எஸ்லின் பெண்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியை. அறிக்கையை அவள் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, சேலைகூட மாற்றாமல் உட்கார்ந்து படித்தாள். இன்று காலை எட்டேகாலுக்குப் பள்ளிக்குக் கிளம்பும்போதுதான், சாப்பாட்டுப் பையின் வாயை இழுத்துக் கட்டியபடி கேட்டாள்.

"முப்பத்தாறு சீல்தான போட்டிய?"

"ஆமா."

"முப்பத்தாறுதான்னா எழுபத்தொண்ணு எங்கருந்து வரும்?"

அவள் குடையை எடுத்துக்கொண்டு, வாசலில் நின்று, முன்னைவிடத் தணிந்த குரலில் சொன்னாள்.

"பால்காரன் அட்டையக்கூட ரெண்டு தடவ பாப்பியளே. அன்னைக்கு மட்டும் ஏன் பாக்கல?"

அதைத்தான் அவனும் நான்கு மாதங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தான். 48816, 48871, 48818. அவன் தட்டச்சு செய்த பட்டியலில், நேர்த்தியான எழுத்துருவில், ஓரம் பிசகாமல், மூன்று எண்களும் அடுத்தடுத்து நின்றன. நடுவிலிருந்த அந்த எண் அன்று பெட்டிக்குள் இருந்திருக்க வேண்டியது. கதவில் இருக்கவே முடியாது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகூடப் பார்த்திருக்கும். அவனோ தாளைச் சுத்தமாக வைத்துக்கொள்வதில் முனைந்திருந்தான்.

பத்தேமுக்காலுக்கு வாசலில் ஆள் தெரிந்தது. கோமதிசங்கர். நெற்றியில் கோயில் புற்றுமண், வேட்டியில் நூல்பஞ்சு. இரண்டு தெரு தள்ளி அவன் அப்பா பொன்னுச்சாமிக்கு நான்கு தறிகள் இருந்தன; கப்பலிலிருந்து இறங்கியதிலிருந்து அவற்றில்தான் நிற்கிறான். ஏழு வருடங்களுக்கு முன் அவனைக் கடல்வேலைக்குச் சிபாரிசு செய்து கடிதம் எழுதியவன் எஸ்ரா. கப்பலில் சார் என்பான், ஊரில் அண்ணாச்சி. இந்த இரண்டையும் அவன் ஒரு நாளும் மாற்றி அழைத்ததில்லை.

உள்ளே வாலே என்றதற்கு அவன் படியிலேயே நின்றான். கரண்டு இல்லை, தறி ஓடவில்லை, அதனால் வந்தேன் என்றான். தறி வேலை எப்படியிருக்கிறது என்று எஸ்ரா கேட்டான். நூல் அறுந்தால் அப்பா திட்டுகிறார், அறாவிட்டால் மெதுவாக ஓட்டுவதாகத் திட்டுகிறார் என்றான். அந்த வகையில் போசனே தேவலை என்று சொல்லிச் சிரிக்கவும் செய்தான். பிறகு மேசைமீதிருந்த அறிக்கையைக் கண்ணால் காட்டினான்.

"நான் வெள்ளிக்கிழமையே தூத்துக்குடி போயி கையெழுத்துப் போட்டுட்டேன் அண்ணாச்சி."

"எதுல?"

"ஒத்துக்கிடுதேன்கதுல. பெட்டிய மேசையில விட்டுட்டுப் போனது உள்ளதுதான?"

"கதவுக்குச் சீல் போட்டது நானுல்லாலே. நம்பர் பொருந்தலன்னு நீ எங்கிட்டச் சொன்னியே, அது?"

"அது எதுக்கு." அவன் வேட்டியிலிருந்த பஞ்சைக் கிள்ளி எடுத்தான். "இசக்கித்துரை அண்ணாச்சியும் கேட்டாவ. சொல்லலன்னுட்டேன். ஒரு ஆளோட போட்டும். நீங்க கேப்டனாப் போனா நாளப்பின்ன நம்மூர் பயலுவ நாலு பேர ஏத்தி விடுவிய."

"ஏலே, நீ சொன்ன. நான் கேக்கல."

"நீங்க தாளப் பாத்துட்டு, என் கைதாம்லே தப்பிட்டுன்னு சொன்னிய. எனக்கு அதோட மனசு லேசாயிட்டு. கப்பல்ல உங்களுக்கு என்ன பேரு தெரியுமா? ரப்பர். எந்தத் தப்பும் உங்களத் தாண்டிப் போவாதுன்னு பயலுவ சொல்லுவானுவ." கேலியாகச் சொல்லவில்லை. கேலியாகச் சொல்லியிருந்தால் எஸ்ராவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

தெருவில் யாரோ சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு தட்டல், இடைவெளி, ஒன்று. எஸ்ரா யாரிடமும் இதுவரை கேட்காததைக் கேட்டான்.

"உனக்கு ஏதும் சத்தம் கேக்கா?"

காவலில் நிற்கும்போது செய்வதைப் போலக் கோமதிசங்கர் தலையைச் சாய்த்து, பொறுமையாகக் கேட்டான். கேள்வியை அவன் விசித்திரமாக எடுத்துக்கொள்ளவில்லை.

"இப்ப இல்ல அண்ணாச்சி. எனக்குத் தறி ஓடும்போதுதான். நாலு தறிக்கும் நடுவுல நின்னா அஞ்சாவதா ஒண்ணு அடிக்கும்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "கரண்டு போனாத்தான் நிக்கி. இன்னைக்கு ரெண்டு மணி வரைக்கும் கவல இல்ல" என்றான்.

அவன் வந்த காரியம் அதன்பிறகுதான் வெளியே வந்தது. அந்தச் செருப்பு தன்னிடம் இருக்கிறது என்றான். குப்பையோடு எரித்துவிடக் கேப்டன் அவனிடம்தான் கொடுத்திருந்தார். எரிக்கும் உலைவரை கொண்டுபோனவன், ஒரு பழைய சட்டையில் சுற்றித் தன் பையின் அடியில் வைத்துவிட்டான். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ஊருக்கு வந்த மறுநாள் அவன் அம்மா பையைக் கொட்டித் துணி துவைத்தாள்.

"எனக்குள்ளதுன்னு நெனச்சுக் கழுவி வாசல்ல போட்டுட்டா. எல்லாரு செருப்போடவும் கெடக்கு. போறப்ப வாரப்பப் பாக்கேன். எடுத்து எங்கயும் வீசவும் கை வரல." அவன் குரல் மாறவில்லை, ஆனால் பார்வை எஸ்ராவின் தோளுக்குப் பின்னால் எங்கோ போயிருந்தது. "போன வாரம் அப்பா அதப் போட்டுட்டு நூல் வாங்கப் போயிட்டு வந்தாவ. அளவு சரியா இருக்காம். நல்ல செருப்புல்லாலே, எங்கன வாங்குனன்னு கேக்காவ. நான் என்ன அண்ணாச்சி சொல்லட்டும்?"

யோசித்துச் சொல்கிறேன் என்றான் எஸ்ரா. கப்பலில் எவரிடமும் அவன் சொல்லியிராத வாக்கியம். கோமதிசங்கர் அதையும் ஒரு பதிலாக ஏற்றுக்கொண்டு, தலையாட்டிவிட்டு, கழுகுமலை சாலைப் பக்கமாக நடந்து போனான். அவன் காலில் ரப்பர் செருப்பு இருந்தது. எஸ்ரா அதைப் பார்த்து உறுதி செய்த பிறகே உள்ளே வந்தான். உறுதி செய்ததை எண்ணி வெட்கப்பட்டான்.

ஏழாம் பக்கத்து ஓரத்துக் கேள்விக்குறி இப்போது அவனுக்கு அருவருப்பாக இருந்தது. மூன்று வாரமாக இந்த அறிக்கையில் அவன் கண்டுபிடித்த ஒரே பிழை, தன்னைத் தொடாத பிழை. தட்டிய ஒருவனுக்கு அவன் ஊரில் யாரேனும் இருப்பார்கள். அவன் எங்கே போனான் என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்களிடம் ஒரு நாள் இந்தப் பதினொரு பக்கம் போய்ச் சேரலாம். அதில் செருப்பு இருக்காது. பொருந்தவில்லை என்று ஒருவன் வந்து சொன்னது இருக்காது. அவர்கள் படிப்பது சுத்தமான தாளாக இருக்கும்.

அவன் பேனாவை எடுத்தான். வழக்கமாக எதையும் முதலில் வேறு தாளில் எழுதிப் பார்ப்பான், இன்று பார்க்கவில்லை. இரண்டாவது கட்டத்தில் அடையாளமிட்டு, ஆறு கோடுகளிலும் ஆங்கிலத்தில் எழுதினான். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: கயிற்றறையைச் சோதித்து 48817 என்ற முத்திரையை இட்டவன் நான். வேறு எண் இருப்பதாகப் புறப்படுவதற்கு நாற்பது நிமிடம் முன்பு கோமதிசங்கர் என்னிடம் சொன்னார். கதவைத் திறக்கச் சொல்வதற்குப் பதிலாக நான் பட்டியலைத் திருத்தினேன். உள்ளே ஒரு சோடிச் செருப்பு இருந்தது. அதை எரிக்கக் கொடுத்ததையும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காம் கோட்டில் ஒரு சொல் பிழைபட்டது. ஒற்றைக் கோடிட்டு, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்து, மேலே தொடர்ந்தான். பிறகு முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டான். நேரம் 11.52. தட்டும் சத்தம் நின்றதா என்று கேட்கவில்லை. கேட்டால் பேரம் பேசியதாகிவிடும் என்று தோன்றியது.

இசக்கித்துரை பன்னிரண்டேகாலுக்கு வந்தார். இருபது வருடம் போசனாக இருந்தவர். உட்கார்ந்ததும் நாற்காலியின் கையைப் பிடித்து ஒரு முறை ஆட்டிப் பார்க்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. வரும் வழியிலேயே பிரியாணி சாப்பிட்டாயிற்று என்றார். "அதுக்காவது உங்க ஊருக்கு வரணும்லா வே. இல்லன்னா இந்தப் புழுக்கத்துல எவன் வருவான்." தண்ணீர் வாங்கிக் குடித்தார். மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தார்; அது நின்றிருப்பதைத் தன்மீது செய்யப்பட்ட சிறிய அவமதிப்பாக எடுத்துக்கொண்டார். பிப்ரவரிக் கப்பல் புதியது, இரண்டே வயது, கேப்டன் அறை நம்முடைய வீட்டு வரவேற்பறையைவிடப் பெரியது என்றெல்லாம் சொன்னார். அதில் பொய் இருப்பதாக எஸ்ராவுக்குத் தோன்றவில்லை. அவர் நல்லவர். இந்தத் தெருவிலிருந்தும் அடுத்த தெருவிலிருந்தும் பதினாறு பேரைக் கப்பலேற்றியவர். கோமதிசங்கரைப் பற்றிப் பேச்சு வந்தபோது அவர் குரல் இறங்கியது. பாவப்பட்ட பயல், தறி இருக்கிறது, பிழைத்துக்கொள்வான் என்றார்.

எஸ்ரா எழுந்து போய், மேசையிலிருந்து கடைசிப் பக்கத்தை மட்டும் எடுத்தான்.

"ஒரு டிக்கு, ஒரு கையெழுத்து. இதுக்கு மூணு வாரமா வே?" என்றார் இசக்கித்துரை, பையிலிருந்து ஃபைலை உருவியபடியே.

"கொஞ்சம் எழுத வேண்டியிருந்தது அண்ணாச்சி."

எழுத்திருந்த பக்கம் கீழே இருக்கும்படி தாளை நீட்டினான். அவர் சிரித்துக்கொண்டேதான் கை நீட்டினார். பேனா மிகவும் அழுந்தியிருந்ததால், வெறுமையாயிருந்த முதுகுப் பக்கத்தில் வரிகள் ஆறும் தடித்துப் புடைத்திருந்தன. வாங்கிய தாளைத் திருப்புவதற்கு முன்பே அவருடைய பெருவிரல் அந்தப் புடைப்புகளின்மேல் பட்டது. கயிறு பிடித்துக் காய்த்த அந்த விரல் முதல் வரிமீது நின்றது, மெதுவாக இரண்டாவதற்கு இறங்கியது, மூன்றாவதற்கு இறங்கியது.